ஜுராசிக் படங்களில் எது உசத்தி? சேலம் ரசிகர்களுக்குள் ஓயாத வழக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அழிந்துபோன டைனோசர்களை மரபணுவிலிருந்து மறுபடி உருவாக்குவதைக் கதையாகக் கொண்ட ஜுராசிக் வரிசையில் புதிதாக ஒரு படம் வந்தால் போதும், எங்கள் கூட்டத்தில் பழைய வழக்கு மறுபடி தொடங்கிவிடும். கூட்டம் என்றால் சங்கமோ மன்றமோ இல்லை. சேலத்தில் ஒன்றாகப் படித்தவர்கள், அவர்களுடைய தம்பி தங்கைகள், இப்போது அவர்களுடைய பிள்ளைகள். படம் விட்டு வெளியே வந்ததும் டீக்கடையில் ஆரம்பிக்கும் பேச்சு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்கு வண்டி ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவும் தாண்டிய பிறகும் முடிந்திருக்காது. புதிதாக வந்து சேர்பவர்கள் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைக் கேட்பதால் என் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். மற்றவர்கள் மறுக்கும் இடங்களையும் சேர்த்திருக்கிறேன். கதையின் முக்கியமான திருப்பங்கள் வெளிப்படும், எனவே படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

மொத்தம் எத்தனை படங்கள்? எந்த வரிசையில் பார்ப்பது?

2025 வரை ஏழு. ஜுராசிக் பார்க் (1993), தி லாஸ்ட் வேர்ல்ட் (1997), ஜுராசிக் பார்க் 3 (2001), ஜுராசிக் வேர்ல்ட் (2015), ஃபாலன் கிங்டம் (2018), டொமினியன் (2022), ரீபர்த் (2025). முதல் இரண்டையும் இயக்கியவர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். மூன்றாவதை ஜோ ஜான்ஸ்டன், நான்கையும் ஆறையும் காலின் ட்ரெவரோ, ஐந்தை ஜே. ஏ. பயோனா, ஏழை கேரத் எட்வர்ட்ஸ் இயக்கினார்கள். வந்த வரிசையிலேயே பாருங்கள். எங்கள் பேச்சில் பெயர் வராது, எண்தான் வரும். "மூணு எனக்குப் பிடிக்கும்" என்று யாராவது சொன்னால் அது 2001-ல் வந்த படம் என்று புரிந்துகொள்ளுங்கள்.

சரி, எதுதான் சிறந்தது?

முதல் படம். எங்களுக்குள் இதில் சண்டையே கிடையாது. ஏழு படங்களையும் தியேட்டரில் பார்த்த அண்ணன்களும் சரி, கைபேசியில் மட்டுமே பார்த்த பிள்ளைகளும் சரி, முதல் இடத்தை 1993-க்குக் கொடுத்துவிடுகிறார்கள். அடிதடி எல்லாம் இரண்டாம் இடத்துக்குத்தான். அதைப் பேசுவதற்கு முன் நான் எதை வைத்து எடை போடுகிறேன் என்று சொல்லிவிட வேண்டும்.

உங்கள் அளவுகோல் என்ன?

ஒரே கேள்விதான். திரையில் வருவது விலங்கா, பேயா?

ஏற்காட்டில் காபித் தோட்டத்துப் பக்கம் குடியிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், சாயங்காலமானால் காட்டெருமை சாலைக்கு வரும் என்பார்கள். சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக்கொடிக்குப் பக்கத்தில் வண்டி விளக்கு விழும்போது முதலில் தெரிவது கால்கள். முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை. அதற்கு மேலே இருக்கும் பெரிய உடம்பு இருட்டோடு இருட்டாக நிற்கும். என்ஜினை அணைத்தால் அது புல்லைப் பிடுங்கும் சத்தமும் மூக்கால் ஊதும் சத்தமும் கேட்கும். தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்க்கும். பிறகு மறுபடி புல். நம்மைத் துரத்த வேண்டும் என்ற எண்ணமே அதற்கு இல்லை. ஆனால் பக்கத்தில் கன்று இருந்தால் கதையே வேறு, உள்ளூர்க்காரர்கள் ஹாரன்கூட அடிக்க மாட்டார்கள். அப்போது வரும் பயத்தில் மரியாதையும் கலந்திருக்கும்.

அந்தப் பயத்தை எந்தப் படம் தருகிறதோ அது எனக்கு நல்ல ஜுராசிக் படம். டைனோசருக்குப் பசி, தூக்கம், குட்டி, தன் எல்லை என்று சொந்தக் காரணங்கள் இருக்க வேண்டும். காரணமே இல்லாமல் ஆளைத் தேடித் தேடிக் கொன்றால் அது பேய்ப் படம். பேய்ப் படமும் நன்றாக இருக்கலாம்தான், ஆனால் அதற்கு டைனோசர் தேவையில்லை.

முதல் படத்தில் அப்படி என்ன இருக்கிறது?

நோய்வாய்ப்பட்ட ட்ரைசெராடாப்ஸ் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய விலங்கு பக்கவாட்டில் படுத்திருக்கிறது. யாரையும் முட்டவில்லை, எழக்கூட முடியவில்லை. டைனோசர் ஆராய்ச்சியாளர் டாக்டர் கிராண்ட் அதன் வயிற்றின்மேல் சாய்ந்து படுக்க, அது மூச்சு வாங்கும்போது அவரும் சேர்ந்து ஏறி இறங்குகிறார். அவரோடு வந்த ஆராய்ச்சியாளர் எல்லி சாட்லர் அதன் நாக்கைப் பார்க்கிறார், கண்ணைப் பார்க்கிறார், கடைசியில் சாணக் குவியலுக்குள் கை விட்டுத் தேடுகிறார். கால்நடை மருத்துவர் தொழுவத்தில் செய்கிற வேலைதான். கிராபிக்ஸ் எதுவும் இல்லாமல், ஸ்டான் வின்ஸ்டன் குழு முழு அளவில் செய்த இயந்திர பொம்மையை வைத்து எடுத்த காட்சி இது. இதைப் பார்த்த பிறகு அந்தத் தீவில் இருப்பவை எல்லாம் உயிருள்ளவை என்று மனம் ஒப்புக்கொண்டுவிடுகிறது. அதனால்தான் அடுத்து வரும் டி-ரெக்ஸ் என்ற ராட்சத வேட்டை டைனோசரைப் பார்த்து நடுங்குகிறோம்.

அந்த டி-ரெக்ஸ் வருவதற்கே படம் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகிறது. அதற்கு முன் ஒரு தடவை சுற்றுலா கார்கள் அதன் வேலிக்கு முன்னால் வந்து நிற்கும், ஆடு கட்டியிருக்கும், அது வராது. இரண்டாம் தடவை மழை, இருட்டு, மின்சாரம் போன வேலி. தண்ணீர்க் கோப்பையில் வட்டம் வட்டமாக அலை. அந்த அலைக்காகக் காரின் முன்பலகைக்கு அடியில் கிட்டார் கம்பியைக் கட்டி மீட்டினார்கள். அந்தத் தாக்குதல் முழுவதும் ஜான் வில்லியம்ஸ் ஒரு இடத்தில்கூடப் பின்னணி இசை சேர்க்கவில்லை. மழைச் சத்தம், தகரம் நெளியும் சத்தம், அதன் குரல், அவ்வளவுதான். அந்தக் குரலை கேரி ரைட்ஸ்ட்ரோம் யானைக்குட்டி, புலி, முதலை மூன்றின் குரலையும் கலந்து உருவாக்கினார்.

இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் இந்தப் படத்தில் டைனோசர்கள் திரையில் இருப்பது சுமார் 15 நிமிடம்தான். புதிதாகக் கேட்பவர்கள் இதை நம்பவே மாட்டார்கள்.

முப்பது வருடம் ஆகிவிட்டதே, கிராபிக்ஸ் பழசாகத் தெரியவில்லையா?

எனக்குத் தெரியவில்லை. அந்த 15 நிமிடத்தில் கணினி உருவாக்கியது ஏறக்குறைய 6 நிமிடம்தான், மீதி எல்லாம் தொட்டுப் பார்க்கக்கூடிய பொம்மைகள். முழு அளவு டி-ரெக்ஸ் பொம்மையின் தோல் நுரையால் ஆனது. செயற்கை மழையில் அது தண்ணீரைக் குடித்துக் கனம் ஏறி, நடுங்க ஆரம்பித்துவிடும். காட்சிக்குக் காட்சி துண்டால் துடைத்துக் காய வைத்துத்தான் எடுத்தார்கள். டி-ரெக்ஸ் தாக்கும் காட்சியை இரவிலும் மழையிலும் வைத்ததால் அங்கே கணினியின் குறை கண்ணில் படாது.

முதலில் ஸ்பீல்பெர்க் டைனோசர்களை ஓடவிட நினைத்தது பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படம்பிடிக்கும் பழைய முறையில். அதில் கரை கண்டவர் ஃபில் டிப்பெட். கணினியில் செய்த சோதனைக் காட்சியைப் பார்த்ததும் தன் தொழிலே அழிந்துபோய்விட்டது என்று அவர் சொன்னார். அந்தப் பேச்சை ஸ்பீல்பெர்க் படத்துக்குள்ளேயே வசனமாக வைத்துக்கொண்டார். டிப்பெட்டை அவர் அனுப்பிவிடவும் இல்லை. விலங்கு எப்படி நடக்கும், எப்படித் திரும்பும் என்று கணினிக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. ராப்டர்கள் என்ற ஆளுயர வேட்டை டைனோசர்கள் சமையலறைக்குள் நுழைந்து தலையைத் திருப்பிப் பார்க்கும் விதத்தில் அந்தக் கை தெரிகிறது.

அப்படியானால் இரண்டாம் இடம் எதற்கு?

இங்கேதான் கட்சி பிரியும். என் ஓட்டு 1997-ல் வந்த தி லாஸ்ட் வேர்ல்டுக்கு.

மேலே கன்று பக்கத்தில் இருந்தால் கதையே வேறு என்று சொன்னேனே, இந்தப் படத்தின் உயிர்நாடி அதுதான். கால் ஒடிந்த டி-ரெக்ஸ் குட்டியை நல்லெண்ணத்தோடு தூக்கிக்கொண்டு வந்து வண்டிக்குள் வைத்து மாவுக்கட்டுப் போடுகிறார்கள். தாயும் தகப்பனும் தேடி வருகின்றன. முதலில் அவை வண்டிக்குள் எட்டிப் பார்க்கின்றன, குட்டியைக் கொடுத்ததும் அழைத்துக்கொண்டு போகின்றன. அப்பாடா என்று மூச்சு விடும் நேரத்தில் திரும்பி வந்து வண்டியைச் செங்குத்துப் பாறையின் விளிம்புக்குத் தள்ளுகின்றன. தங்கள் எல்லைக்குள் இந்த ஆட்கள் இருக்கக் கூடாது என்பது மட்டும்தான் அவற்றின் நோக்கம். தொங்கும் வண்டியின் பின்கண்ணாடிமேல் ஆராய்ச்சியாளர் சாரா விழுந்து கிடக்க, அவர் கை ஊன்றிய இடத்திலிருந்து விரிசல் ஒவ்வொன்றாக ஓடுகிறது. கீழே கடல். கையை எடுத்தாலும் ஓடும், எடுக்காவிட்டாலும் ஓடும். இந்த வரிசையில் எனக்கு உள்ளங்கை வியர்ப்பது அந்த இடத்தில்தான்.

அவர்களைக் காப்பாற்ற எட்டி என்பவர் மழையில் தனியாக வந்து, கயிற்றைக் கட்டி, காரை முழு வேகத்தில் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிறார். அவரைத்தான் இரண்டு டி-ரெக்ஸும் பிய்த்து எடுக்கின்றன. நல்லவர் பிழைப்பார் என்ற கணக்கு விலங்குக்குத் தெரியாது. குடும்பத்தோடு படம் பார்க்கிற நம் ஊரில் பலருக்கு அந்தச் சாவு பிடிக்கவில்லை. எனக்கும் மனசு கஷ்டப்பட்டது, ஆனால் படம் அங்கே உண்மையாக இருந்தது. பிறகு உயரமான புல்வெளியில் ஆட்கள் ஓட, மேலிருந்து பார்க்கும்போது புல்லைப் பிளந்துகொண்டு ராப்டர்கள் வரும் தடம் மட்டும் தெரியும். பத்து வினாடி இருக்கும், ஒரு டைனோசர்கூட முழுதாகத் தெரியாது.

எதிர்க்கட்சி சொல்வதும் நியாயம்தான். கதாநாயகனான கணிதவியலாளர் மால்கமின் மகள் ஜிம்னாஸ்டிக் செய்து ராப்டரை உதைத்துத் தள்ளும் காட்சிக்கு என்னிடம் எந்தச் சமாதானமும் இல்லை. கடைசியில் டி-ரெக்ஸ் சான் டியாகோ நகருக்குள் புகும் பகுதி வேறொரு படத்திலிருந்து வெட்டி ஒட்டியதுபோல் இருக்கிறது என்பார்கள். அங்கேயும் அந்தப் பெரிய விலங்கு தேடுவது தன் குட்டியைத்தான் என்பதால் நான் அதை விட்டுக்கொடுப்பதில்லை.

இளைய பிள்ளைகள் ஜுராசிக் வேர்ல்டைத்தான் தூக்கிப் பிடிக்கிறார்களே?

2015-ல் பள்ளிப் பிள்ளைகளாக அதைப் பெரிய திரையில் பார்த்தவர்கள் அவர்கள். பூங்கா திறந்து, கூட்டம் அலைமோதி, மோசசாரஸ் தண்ணீரிலிருந்து எழும்பிச் சுறாவைக் கவ்வும்போது தியேட்டரே கத்தியிருக்கும். முதல் படத்தில் திறக்காமலே போன பூங்காவை முழுதாகத் திறந்து காட்டியது இந்தப் படம்தான். எங்கள் தங்கை ஒருத்தி அடித்துச் சொல்வாள்: "அண்ணா, உங்களுக்கு முதல் படம் எப்படியோ, அதே மாதிரிதான் எங்களுக்கு இது." அதற்கு மறுப்புச் சொல்ல எனக்கு மனம் வராது.

பூங்காவின் முதலாளி மஸ்ரானியாக வரும் இர்ஃபான் கானை இந்தப் படத்தின் பெரிய பலமாகவே சொல்வேன். பேராசைக்கார முதலாளி என்ற வழக்கமான வார்ப்பில் அவரை அடைக்கவில்லை. விலங்குகள் சந்தோஷமாக இருக்கின்றனவா என்று அக்கறையோடு கேட்கிறார். ஹெலிகாப்டரைத் தானே ஓட்டிக்கொண்டு போய்ச் சாகிறார். கண்ணிலேயே பாதி நடிப்பை முடித்துவிடும் மனிதர்.

என் அளவுகோலில் இந்தப் படம் இரண்டாக உடைகிறது. ஆய்வகத்தில் பல மரபணுக்களைக் கலந்து உருவாக்கிய இண்டோமினஸ் ரெக்ஸ் பசிக்காக இல்லாமல் கொல்வதற்காகவே கொல்கிறது, படமே அப்படித்தான் சொல்கிறது. அது பேய். அது தாக்கிப் போட்ட அபடோசாரஸ்களில் ஒன்று உயிர் போகும் நிலையில் கிடக்க, ராப்டர்களைப் பழக்கும் ஓவன் அதன் முகத்தைத் தடவிக்கொடுக்கிறான். அதுவரை விலங்குகளைக் கணக்குப் புத்தகத்துச் சொத்தாகவே பார்த்த பூங்கா மேலாளர் கிளேர் முழங்காலிட்டுக் கலங்குகிறாள். அந்தத் தலை மட்டும் நிஜமாகச் செய்த இயந்திர பொம்மை. வேறுபாடு திரையில் தெரிகிறது.

மூணாவது படத்தை எல்லாரும் ஏன் வைகிறார்கள்?

இரண்டு காரணம். ஸ்பைனோசாரஸ் டி-ரெக்ஸின் கழுத்தை முறித்துப் போட்டது. எங்கள் கூட்டத்தில் ஒரு மாமா இன்றுவரை அதை மன்னிக்கவில்லை. இன்னொன்று, விமானத்தில் கிராண்ட் காணும் கனவில் ராப்டர் அவர் பெயரைச் சொல்லி அழைக்கும் காட்சி.

இவற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் ஒன்றரை மணி நேரத்தில் சுருக்கமாக முடியும் நல்ல சாகசப் படம். ராப்டர்கள் ஏன் விடாமல் துரத்துகின்றன? கிராண்டின் மாணவன் முட்டைகளைத் திருடிவிட்டான், அதனால். முட்டை திரும்பக் கிடைத்ததும் போய்விடுகின்றன. மூடுபனிக்குள் பாலத்தின்மேல் டெரனோடான் என்ற பறக்கும் விலங்கு நடந்து வரும் இடமும் அருமை. முதலில் ஒரு நிழல், பிறகு இரும்பைத் தட்டும் காலடி. பனிக்காலத்தில் சேர்வராயன் கோயில் பக்கம் எதிரில் வரும் ஆளே தெரியாமல் நடந்தவர்களுக்கு அந்தக் காட்சியைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஃபாலன் கிங்டம் பற்றி?

எரிமலை வெடிக்கிறது, கடைசிக் கப்பல் கிளம்புகிறது. கரையில் நீண்ட கழுத்துள்ள ஒரு பிராக்கியோசாரஸ் புகைக்குள் நின்று குரல் கொடுக்கிறது, பின்னங்காலில் எழும்புகிறது, நெருப்பு வெளிச்சத்தில் நிழலாக மறைகிறது. முதல் படத்தில் கிராண்டும் எல்லியும் முதன்முதலாகப் பார்த்து அசந்துபோன அதே விலங்குதான் அது என்று இயக்குநர் பயோனா சொல்லியிருக்கிறார். கூட்டத்தில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் அழுத இடம் அது. பிற்பாதி ஒரு மாளிகைக்குள் நடக்கும் பேய்ப் படம். சிலருக்கு அதுதான் பிடிக்கிறது.

டொமினியனில் டைனோசரை விட்டுவிட்டு வெட்டுக்கிளியை ஏன் காட்டினார்கள்?

எல்லாருடைய புகாரும் இதுதான். உலகமெங்கும் டைனோசர் பரவிவிட்டது என்று முந்தைய படம் முடிந்தபோது, அடுத்தது மனிதனும் அதுவும் சேர்ந்து வாழும் கதையாக இருக்கும் என்று எதிர்பார்த்தோம். வந்தது மரபணு மாற்றிய வெட்டுக்கிளி. கிராண்ட், எல்லி, மால்கம் மூவரும் மறுபடி ஒன்றாக வந்தும் அவர்களுக்கு உருப்படியாக வேலை கொடுக்கவில்லை என்ற வருத்தம் எனக்கும் உண்டு.

ஆனால் ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளி போடும் எங்கள் பெரியப்பா ஒருவர் வேறு மாதிரி பேசினார். படத்தில் அந்த வெட்டுக்கிளிகள் எல்லாப் பயிரையும் மேய்ந்துவிட்டு, ஒரே ஒரு நிறுவனம் விற்கும் விதையில் முளைத்த பயிரை மட்டும் தொடாமல் விடுகின்றன. "ஏழு படத்துலயும் நாளைக்கே நடக்கக்கூடியது இது ஒண்ணுதான்ப்பா" என்றார். மாவுப்பூச்சி விழுந்த மரவள்ளிக் காட்டைப் பார்த்துக் கை பிசைந்து நின்றவர் பேச்சு அது. அன்றைக்கு யாரும் எதிர்த்துப் பேசவில்லை. கதைக்குள் டைனோசரும் வெட்டுக்கிளியும் ஒட்டவில்லை என்பது என் கருத்து, அதே சமயம் அந்த யோசனையை வெறும் கேலியாகத் தள்ளுவதை நிறுத்திவிட்டேன்.

ரீபர்த் தேறுமா?

தேறும். முதல் இரண்டு படங்களுக்குத் திரைக்கதை எழுதிய டேவிட் கெப் இதற்கு மறுபடி வந்திருக்கிறார். இதய நோய்க்கு மருந்து செய்ய நிலத்தில், கடலில், வானத்தில் இருக்கும் மூன்று பெரிய விலங்குகளின் ரத்தம் வேண்டும் என்பது கதை. உயரமான புல்வெளியில் டைட்டனோசாரஸ் இணைகள் கழுத்தோடு கழுத்து உரசி நிற்கும் காட்சியில் யாரும் சாகவில்லை, யாரும் ஓடவில்லை, எல்லாரும் பார்த்துக்கொண்டு மட்டும் நிற்கிறார்கள். ஆற்றங்கரையில் தூங்கும் டி-ரெக்ஸ் பக்கத்தில் ரப்பர் படகை இழுத்துப்போகும் காட்சியும் நிற்கிறது. மைக்கேல் கிரைட்டன் 1990-ல் எழுதிய மூல நாவலில் இருந்தும் முதல் படத்தில் இடம் கிடைக்காமல் போன காட்சி அது. கடைசியில் வரும் ஆறு கால் கைகள் உள்ள கலப்பு உயிரி எனக்கு வேண்டாம். மறுபடி பேய்தான்.

தமிழ் டப்பிங்கில் பார்க்கலாமா?

தாராளமாக. பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து பார்ப்பதாக இருந்தால் தமிழில்தான் பாருங்கள், வரிகளைப் படித்துக்கொண்டிருந்தால் படத்தைப் பார்க்க முடியாது. முதல் படத்தை மட்டும் ஒரு தடவை ஆங்கிலத்திலும் பார்த்துவிடுங்கள். ஜெஃப் கோல்ட்ப்ளம் மால்கமாக இழுத்து இழுத்துப் பேசும் விதம் டப்பிங்கில் வராது.

நிஜ டைனோசர்கள் படத்தில் வருவதுபோல்தான் இருந்தனவா?

பலவற்றில் இல்லை. மங்கோலியாவில் கிடைத்த நிஜ வெலோசிராப்டர் இடுப்பு உயரத்துக்குக்கூட வராது, எடை 15 முதல் 20 கிலோதான். அதன் முன்கை எலும்பில் இறகு பொருந்தியிருந்த முடிச்சுகளை 2007-ல் கண்டுபிடித்தார்கள். படத்து ராப்டரின் அளவும் உருவமும் அமெரிக்காவில் கிடைத்த டெய்னோனிகஸ் என்ற அதன் உறவுக்கார இனத்தைத் தழுவியவை, அதையும் பெரிதாக்கிவிட்டார்கள். முதல் படத்தில் வரும் டைலோஃபோசாரஸ் நிஜத்தில் விஷம் துப்பியதற்கும் கழுத்தில் விசிறி இருந்ததற்கும் ஆதாரம் இல்லை. அசையாமல் நின்றால் டி-ரெக்ஸுக்குக் கண் தெரியாது என்பதும் கதைக்காகச் சொன்னது. அதற்குக் கூர்மையான கண், அதைவிடக் கூர்மையான மூக்கு. அது வாழ்ந்ததும் ஜுராசிக் காலத்தில் இல்லை, கிரெட்டேசியஸ் காலத்தின் கடைசியில்.

பறவைகள் டைனோசர் வம்சத்தில் மிஞ்சியவை என்பதில் அறிவியலுக்குச் சந்தேகம் இல்லை. மலையடிவாரத்தில் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்குப் போனால் மயிலின் தோகையை விட்டுவிட்டுக் காலைப் பாருங்கள். முன்னால் மூன்று விரல், செதில் செதிலாகத் தோல், அடி எடுத்து வைக்கும்போது விரல்கள் மடங்கி விரியும் விதம். எங்கள் கூட்டத்துப் பிள்ளைகள் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்து நிற்பார்கள்.

மரபணுவிலிருந்து டைனோசரை உருவாக்க முடியுமா?

முடியாது. நியூசிலாந்தின் அழிந்துபோன மோவா பறவைகளின் எலும்புகளை வைத்து 2012-ல் வெளியான ஆய்வு, எலும்பில் இருக்கும் டிஎன்ஏவின் இணைப்புகளில் பாதி 521 வருடத்தில் அறுந்துவிடும் என்று கணக்கிட்டது. டைனோசர்கள் அழிந்து 6.6 கோடி வருடம் ஆகிறது. இதுவரை படிக்க முடிந்த மிகப் பழைய டிஎன்ஏவின் வயதே சுமார் 20 லட்சம் வருடம்தான்.

ஏற்காட்டில் டைனோசர் எலும்பு கிடைக்குமா?

பிள்ளைகள் எல்லாரும் கேட்பது இது. கிடைக்காது. சேர்வராயன் மலைப் பாறை பெரும்பாலும் சார்னோக்கைட். பூமியின் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது, வயது 200 கோடி வருடத்துக்கு மேல். விலங்குகளே தோன்றாத காலம். எலும்பு தங்க வேண்டுமானால் மண்ணும் சேறும் படிந்து இறுகிய பாறை வேண்டும்.

அந்தப் பாறைக்கு அரியலூர் போக வேண்டும். அங்கே கல்லமேடு பக்கம் கிடைத்த எலும்புகளை வைத்து 1980-களில் ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர். சொன்ன அளவு சரியாக இருந்தால் உலகில் நடமாடிய மிகப் பெரிய விலங்குகளில் ஒன்று. அந்த எலும்புகள் காப்பாற்ற முடியாமல் நொறுங்கிப்போயின, இன்று கையில் எதுவும் இல்லை. இந்த இழப்பை நினைத்தால் எனக்கு ஆறாது. 2009-ல் சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியலாளர்கள் அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கம் டைனோசர் முட்டைக் கூட்டங்களைக் கண்டதாக அறிவித்தார்கள். அன்றைக்கு எங்கள் ஊர்ப் பெயர் செய்தியில் வந்ததில் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளைகளைக் கூட்டிப்போவதாக இருந்தால் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூர் கல்மரம் நல்ல இடம். டைனோசர் காலத்து மரம் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கிறது. ஆத்தூர் வழியாகப் போய் ஒரே நாளில் திரும்பிவிடலாம்.

இன்னொன்று. ரீபர்த்தில் வரும் டைட்டனோசாரஸுக்கு அந்தப் பெயர் கிடைத்ததே இந்தியாவில்தான். ஜபல்பூரில் கிடைத்த எலும்புகளுக்கு 1877-ல் ரிச்சர்ட் லைடெக்கர் வைத்த பெயர் அது.

இந்த மாதிரிப் படங்களுக்கும் சேலத்துக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவைத் தாண்டித்தான் எல்லாரும் மலை ஏறுகிறோம். டி. ஆர். சுந்தரம் 1930-களில் தொடங்கிய அந்த ஸ்டுடியோ, 1952-ல் அமெரிக்காவின் லிப்பர்ட் நிறுவனத்தோடு சேர்ந்து ஆங்கிலத்தில் தி ஜங்கிள், தமிழில் காடு என்று ஒரு படம் எடுத்தது. ராட் கேமரூன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர் நடிக்க, வில்லியம் பெர்க் இயக்கினார். காட்டு விலங்குகள் ஏன் திடீரென்று வெறிகொண்டு அலைகின்றன என்று தேடிப்போகிறவர்கள், அழிந்துபோனதாக நினைத்த, உடம்பெல்லாம் ரோமம் அடர்ந்த மாமத் யானைகளைக் காண்கிறார்கள். யானைகளுக்கு ரோமப் போர்வை போர்த்தி எடுத்திருக்கிறார்கள். ஜுராசிக் பார்க்குக்கு நாற்பது வருடம் முன்பே, அழிந்த விலங்கைத் திரையில் நடமாட விட்ட ஊர் இது. புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

சின்னப் பிள்ளைகளுக்கு எதை முதலில் காட்டலாம்?

முதல் படம், பகலில், பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது. ஏழெட்டு வயதுக்குக் கீழே என்றால் டி-ரெக்ஸ் வருவதற்கு முன்பே நிறுத்திவிடலாம். அதுவரை வந்ததே அவர்களுக்குப் பல நாள் பேச்சுக்குப் போதும். ஃபாலன் கிங்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சிறுமியின் படுக்கையறைக்குள் இண்டோராப்டர் என்ற கலப்பு உயிரி நுழையும் காட்சி சின்னவர்களைத் தூங்க விடாது.

முழுப் பட்டியலையும் சொல்லிவிடுங்கள்.

ஒன்று, இரண்டு, ஏழு, நான்கு, மூன்று, ஐந்து, ஆறு. பிராக்கியோசாரஸ் காட்சிக்காக ஐந்தை மூன்றுக்கு மேலே வைக்க வேண்டும் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். ஒரு காட்சிக்காக முழுப் படத்தைத் தூக்கிவிட எனக்குச் சம்மதமில்லை. தங்கையின் பட்டியலில் நான்குதான் இரண்டாவது. பெரியப்பா ஆறை மூன்றாம் இடத்தில் வைத்திருக்கிறார், கேட்டால் காரணத்தோடு சொல்வார்.